வட்டு உடைந்தால் தகவல் பிழைக்குமா?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் பள்ளியின் அறிவியல் மன்றம் ஐந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் மழை அளவைக் குறித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை குறிப்புகளும் ஒரே ஒரு கணிப்பொறியில் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அதன் ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்று ஓசையிட்டு நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்? புதிய வட்டைக் கடையில் வாங்கிவிடலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையை எந்தக் கடையில் வாங்குவது?

வட்டுக்கு விலை உண்டு. அதில் உள்ள தகவலுக்கு விலை இல்லை. இதை உணர்ந்தவர்கள் கண்ட வழிதான் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் கெடாதபடி அமைக்கும் முறை. அதற்கு 'ரெய்டு' என்று பெயர். பல நிறுவனங்களின் சர்வர்களில் இம்முறை இன்று இயங்கி வருகிறது.

இது அருமையான கண்டுபிடிப்பு. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், "ரெய்டு போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்று பலர் சொல்லும்போதுதான் எனக்குக் கவலை பிறக்கிறது. வட்டுகளைச் சேர்த்துக் கட்டுவது பாதி வேலைதான். அதைக் கவனிப்பதும், உடைத்துச் சோதிப்பதும், வேறோர் இடத்தில் நகல் வைப்பதும் மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்யாதவர் மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறார் என்பது என் கருத்து. அது சரியா, தவறா என்பதை நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

வட்டு ஏன் கெடுகிறது?

ஹார்டு டிஸ்க் ஓர் இயந்திரம். அதனுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணிப்பொறிகளில் உள்ள பல வட்டுகள் நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 120 சுற்று! சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு நுண்ணிய தலை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. உங்கள் நோட்டுப் புத்தகத் தாளின் தடிமன் ஏறத்தாழ ஒரு லட்சம் நானோமீட்டர். அப்படியானால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். தலை தட்டில் உரசினால், அந்த இடத்தில் எழுதியது போனது போனதுதான்.

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் வட்டுக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவோ ஐம்பது லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டில் பல டெராபைட் அடங்குகிறது. ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி பைட். கொள்ளளவு இப்படிப் பெருகப் பெருக, ஒரு வட்டு கெட்டால் நேரும் இழப்பும் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது.

நூறு வட்டும் முந்நூறு மணி நேரமும்

1980-களில் பெரிய கணிப்பொறிகளுக்கு விலை உயர்ந்த பெரிய வட்டுகளே பயன்பட்டன. அதே காலத்தில் சிறிய கணிப்பொறிகளுக்காக மலிவான சிறு வட்டுகள் வரத் தொடங்கின. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கேள்வி எழுப்பினர்: ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாகப் பல சிறு வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன? வேகம் கூடும், செலவு குறையும். இந்தக் கருத்தை விளக்கி 1988-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் 'ரெய்டு' என்ற பெயர் பரவியது.

ஆனால் அதில் ஓர் இடையூறு இருந்தது. அதை அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினர். ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். அது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். நூறு வட்டுகளைச் சேர்த்து, அவற்றில் எது கெட்டாலும் தகவல் போய்விடும் என்ற நிலை இருந்தால்? 30,000-ஐ 100-ஆல் வகுங்கள். 300 மணி நேரம்! இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வருவது அரிது. ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் தினமும் யாருக்காவது காய்ச்சல் இருக்கும் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

எனவே சிறு வட்டுகளைச் சேர்ப்பதானால், ஒன்று கெட்டாலும் மற்றவை அதன் பங்கை மீட்டுத் தரும் வழி வேண்டும். கெட்டுப்போன நினைவகப் பகுதியின் தகவலை மற்றப் பகுதிகளைக் கொண்டு மீட்கும் ஒரு முறைக்கு, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் கென் ஔச்சி என்பவர் 1978-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி அறிஞர்கள் இத்தகைய வழிகளை வகைப்படுத்தி, 1 முதல் 5 வரை எண் கொடுத்தனர். பூஜ்யமும் ஆறும் பிறகு சேர்ந்துகொண்டன.

மளிகைச் சீட்டின் மந்திரம்

தொலைந்ததை மீட்பது மந்திரமா? இல்லை, கூட்டலும் கழித்தலும்தான். மளிகைக் கடைச் சீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூன்று விலைகளும், அடியில் மொத்தமும் எழுதியிருக்கின்றன. பருப்பின் விலை எழுதிய இடத்தை எலி கடித்துவிட்டது. கவலை உண்டா? மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் பருப்பின் விலை வந்துவிடும்.

கணிப்பொறியில் எல்லாம் 0, 1 என்ற இலக்கங்கள் ஆதலால் அதற்கேற்ற ஒரு 'மொத்தம்' உண்டு. அதன் பெயர் பாரிட்டி. விதி எளிது: ஒரே வரிசையில் நிற்கும் இலக்கங்களில் உள்ள 1-களை எண்ணுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் 1 எழுதுங்கள். இரட்டைப்படையாக இருந்தால் 0 எழுதுங்கள்.

முதல் வட்டில் 1011, இரண்டாவதில் 0110, மூன்றாவதில் 1010 என்று இருக்கட்டும். இப்போது பாரிட்டி 0111 என்று வரும். இனி இரண்டாவது வட்டு கெட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். மிஞ்சியவை 1011, 1010, 0111. இவற்றுக்கு மீண்டும் அதே விதியைப் பயன்படுத்துங்கள். என்ன வருகிறது? 0110! தொலைந்தது அப்படியே திரும்பிவிட்டது. பென்சிலை எடுத்து நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். மற்ற வட்டுகளில் எதை இழந்தாலும் இதே விதி அதை மீட்டுத் தரும்.

ஒரே நேரத்தில் இரண்டு வட்டுகள் கெட்டால்? ஒரு மொத்தம் போதாது, இரண்டு வேண்டும். இதுவும் நீங்கள் வகுப்பில் படித்ததுதான். அறியாத எண்கள் இரண்டு என்றால் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும் அல்லவா? மூன்று எண்கள் 5, 7, 4 என்று கொள்வோம். அவற்றின் கூட்டுத்தொகை 16. முதல் எண்ணை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 31. இப்போது 7-ஐயும் 4-ஐயும் மறைத்துவிடுங்கள். 5, 16, 31 ஆகியவற்றைக் கொண்டே மறைந்த இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். ரெய்டு 6 செய்வதும் இதே வகைக் கணக்குதான். ஆனால் 0, 1 இலக்கங்களுக்குப் பொருந்தும் தனி இயற்கணிதம் அதற்கு உண்டு.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் 4 டெராபைட் வட்டுகள் நான்கு இருக்கின்றன. மொத்தம் 16 டெராபைட். எப்படிச் சேர்ப்பீர்கள்?

ரெய்டு 0: தகவலைத் துண்டுகளாக்கி நான்கிலும் பரப்பிவிடும். பதினாறு டெராபைட்டும் கிடைக்கும், வேகம் அதிகம். ஆனால் ஒரு வட்டு கெட்டாலும் எல்லாம் போகும். பூஜ்யம் என்ற எண்ணே பாதுகாப்பு பூஜ்யம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ரெய்டு 10: வட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் எழுதியதையே மற்றதிலும் எழுதும். கிடைப்பது 8 டெராபைட். ஒரு வட்டு கெட்டால் ஆபத்தில்லை. வெவ்வேறு ஜோடியில் ஒவ்வொன்றாக இரண்டு கெட்டாலும் தாங்கும். ஒரே ஜோடியில் இரண்டும் கெட்டால் தாங்காது.

ரெய்டு 5: ஒரு வட்டின் அளவு பாரிட்டிக்குப் போகும். கிடைப்பது 12 டெராபைட். எந்த ஒரு வட்டு கெட்டாலும் தாங்கும். பாரிட்டி ஒரே வட்டில் குவியாமல் நான்கிலும் மாறி மாறி அமரும்.

ரெய்டு 6: இரண்டு வட்டுகளின் அளவு போகும். கிடைப்பது 8 டெராபைட். எந்த இரண்டு கெட்டாலும் தாங்கும்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பலருக்கு ரெய்டு 5 பிடித்துவிடுகிறது. 'பாதுகாப்பும் உண்டு, 12 டெராபைட்டும் உண்டு' என்று கணக்குப் போடுகிறார்கள். நான் அவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்தீர்கள், எதை இழக்கத் துணிந்தீர்கள் என்று பார்த்தீர்களா? அந்த எண் வெறும் அமைப்பு முறையைக் குறிப்பதன்று. எத்தனை விபத்துகளுக்கு நாம் தயார் என்று நாமே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது.

கண்ட்ரோலர் கேட்கும் கேள்விகள்

சர்வரில் இந்த வேலைக்கென்று ஒரு தனி அட்டை இருக்கும். அதுதான் வட்டுக் கண்ட்ரோலர். கணிப்பொறியைத் தொடங்கும்போது குறிப்பிட்ட விசையை அழுத்தினால் அதன் பட்டியல் திரையில் வரும். எந்தெந்த வட்டுகள் என்று கேட்கும். எந்த ரெய்டு என்று கேட்கும். எவ்வளவு பெரிய துண்டுகளாக வெட்டுவது என்று கேட்கும். பதில் தந்து 'சரி' என்று அழுத்தினால் நான்கு வட்டுகளும் கணிப்பொறிக்கு ஒரே வட்டாகத் தெரியும். வட்டுகளில் முன்பு இருந்தவற்றை இனிப் படிக்க முடியாது என்று அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டக்கூடாது.

இன்னொரு கேள்வியும் அதில் உண்டு. தகவலை எழுதும்போது, வட்டில் எழுதி முடித்த பின்புதான் 'முடிந்தது' என்று சொல்ல வேண்டுமா? அல்லது கண்ட்ரோலரின் சொந்த நினைவகத்தில் வாங்கி வைத்தவுடனே சொல்லிவிடலாமா? இரண்டாவது முறை மிக வேகமானது. மனுவை வாங்கியதும் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை குத்தி மேசை இழுப்பறையில் போடும் எழுத்தர் போல அது வேலை செய்கிறது. ஆனால் இழுப்பறையில் இருப்பது பதிவேட்டில் ஏறுமுன் மின்சாரம் போனால்? அதற்காகத்தான் நல்ல கண்ட்ரோலர்களில் ஒரு சிறு பேட்டரியோ, மின்தேக்கியோ இருக்கும். பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்த பின்னும் வேகத்துக்கு ஆசைப்பட்டு இரண்டாவது முறையையே வற்புறுத்தி வைப்பது தவறு என்பேன்.

பாரிட்டி முறைக்கு மின்தடை இன்னொரு வகையிலும் பகை. புதிய தகவலை எழுதிவிட்டு, அதற்கேற்ற புதிய பாரிட்டியை எழுதுமுன் மின்சாரம் போய்விட்டால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். மளிகைச் சீட்டில் அரிசி விலையைத் திருத்திவிட்டு மொத்தத்தைத் திருத்த மறந்தது போல! பிறகு ஒரு வட்டு கெடும்போதுதான், மீட்ட விடை தவறு என்று தெரியும். தடையில்லா மின்சாரம் தரும் யு.பி.எஸ். இல்லாமல் சர்வரை நடத்தலாகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடைசியாக, 'காத்திருக்கும் வட்டு'. வேலை எதுவும் செய்யாமல் காத்திருந்து, ஒன்று கெட்டதும் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் கூடுதல் வட்டு இது. இரவு இரண்டு மணிக்கு ஒன்று கெட்டால் மனிதர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இடமும் பணமும் இருந்தால் இதை வைப்பது நல்லது.

காலியாக இருக்கும்போதே உடைத்துப் பாருங்கள்!

இனி நான் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். அமைத்து முடித்தவுடன் தகவலை ஏற்றிவிடாதீர்கள். முதலில் தேவையற்ற சில கோப்புகளை மட்டும் ஏற்றுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு வட்டை உருவி எடுங்கள். அபாய மணி ஒலிக்கிறதா? எச்சரிக்கைச் செய்தி யாருக்காவது போகிறதா? கோப்புகளைத் திறக்க முடிகிறதா? பழையது போனதாக வைத்து, வேறொரு வட்டைச் செருகினால் கண்ட்ரோலர் மீட்பு வேலையைத் தொடங்குகிறதா? முடிய எத்தனை மணி நேரம் ஆகிறது? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

"நல்லதை ஏன் கெடுத்துப் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். தீயணைப்புப் பயிற்சியைத் தீப்பிடித்த அன்றா நடத்துவது? சோதித்துப் பாராத பாதுகாப்பு வெறும் நம்பிக்கைதான். அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் எதையும் சோதனையால் அல்லவா ஏற்க வேண்டும்?

இந்தப் பயிற்சியில் ஒரு சிறிய, ஆனால் முக்கியமான விவரமும் தெரிய வரும். பல கருவிகள் வட்டுகளை 0, 1, 2, 3 என்று எண்ணும். '2-ஆம் எண் வட்டு கெட்டது' என்ற செய்தியைக் கண்டு, இடமிருந்து இரண்டாவதை உருவினால் நல்ல வட்டு வெளியே வந்துவிடும். ரெய்டு 5-இல் ஏற்கெனவே ஒன்று கெட்ட நிலையில் நல்லதொன்றையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் எழுதி வெளியே ஒட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

ஆபத்தான இடைவேளை

ஒரு வட்டு கெட்டு, புதியது அதன் இடத்தில் முழுமையாக நிரம்பும் வரை உள்ள நேரம்தான் ஆபத்தான இடைவேளை. அது எவ்வளவு? நொடிக்கு 150 மெகாபைட் எழுத முடியும் என்றால் 4 டெராபைட்டை நிரப்ப ஏழு மணி நேரத்திற்கு மேல் ஆகும். 16 டெராபைட் என்றால் ஏறத்தாழ முப்பது மணி நேரம். சர்வர் தன் அன்றாட வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நீளும். அத்தனை நேரமும் மற்ற வட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். எப்போதாவது மட்டுமே தொட்ட மூலைகளையும் அன்று படிக்க வேண்டும். அங்கே ஒரு பழுது ஒளிந்திருந்தால் அது அந்த நேரத்தில்தான் வெளிப்படும். அதனால்தான் கண்ட்ரோலர்களில் எல்லாப் பகுதிகளையும் அவ்வப்போது படித்துச் சரிபார்க்கும் வசதி வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்திவைக்கக் கூடாது. பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 5 போதாது, ரெய்டு 6 வேண்டும் என்று பலர் சொல்வதும் இதனால்தான். நானும் அவர்கள் பக்கமே.

"இரண்டாவது வட்டு அதே நாளில் கெடுவதற்கு வாய்ப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. பியான்கா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர், முன்னே சொன்ன மூவரில் ஒருவரான கார்த் கிப்சனுடன் சேர்ந்து, உண்மையான பணியில் இருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் விவரங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். தயாரிப்பாளரின் விவரத் தாளில் 10 லட்சம் மணி நேரம் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு 0.88 வட்டுக்கு மேல் கெடக்கூடாது. நடைமுறையில் மாற்றப்பட்டவையோ பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல். 2 முதல் 4 வரை சாதாரணம். சில இடங்களில் 13 வரை! வட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தனித்தனியே கெடுகின்றன என்ற எண்ணமும் சரியன்று என அந்த ஆய்வு காட்டியது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே மின்சாரத்தில், ஒரே நாள் வாங்கிய வட்டுகள் அவை. ஒரே நாளில் வாங்கிய நான்கு செருப்புகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தானே தேயும்? 1988-இல் கணக்குப் போட்ட ஒருவரே 2007-இல் உண்மையைத் தேடிச் சென்று அந்தக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறார். இதையல்லவா அறிவியல் மனப்பான்மை என்கிறோம்!

ரெய்டு காப்பாற்றாதவை

வட்டு கெடுவது மட்டுமா ஆபத்து? கைதவறி ஒரு கோப்பை அழித்துவிட்டால் ரெய்டு அதை எல்லா வட்டுகளிலும் மிக விசுவாசமாக அழித்துவிடும். வைரஸ் ஒன்று கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய கோப்புகளையே பத்திரமாகக் காக்கும். தீயும் வெள்ளமும் திருட்டும் வந்தால் நான்கு வட்டுகளும் ஒன்றாகவே போகும். கண்ட்ரோலர் அட்டையே பழுதானால், வேறு நிறுவனத்தின் அட்டை அந்த வட்டுகளைப் படிக்காமலும் போகலாம்.

2017 ஜனவரி 31 அன்று நடந்ததைக் கேளுங்கள். கிட்லேப் என்ற நிறுவனம் மென்பொருள் எழுதுவோரின் படைப்புகளைச் சேமித்துத் தருவது. அதன் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் அழிக்க நினைத்த தகவல் தொகுதியை, முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் நொடிகளில் மறைந்தது. சரி, மாற்று ஏற்பாடு இருக்குமே? இருந்தது, ஒன்றல்ல, ஐந்து! ஐந்தில் ஒன்றும் நம்பத்தக்கபடி வேலை செய்யவில்லை. அன்றாடம் நகல் எடுக்க வேண்டிய நிரல், பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ உரியவரைச் சேரவே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் திரும்பவே இல்லை. பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு: நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் உலகறிய எழுதி வெளியிட்டது. அதனால்தான் இன்று நீங்களும் நானும் அதிலிருந்து பாடம் கற்க முடிகிறது.

இன்னொரு நிகழ்ச்சி 1998-இல் நடந்தது. 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பிக்ஸார் நிறுவனத்தில், தவறாக இடப்பட்ட ஓர் ஆணையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. நாடாவில் எடுத்து வைத்த நகல்களும் சரியாக இல்லை. கேலின் சூஸ்மன் என்ற அதிகாரி, குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த பிரதியே கைகொடுத்தது. கவனியுங்கள்: அலுவலகத்தில் இருந்த விலை உயர்ந்த கருவிகள் காக்கவில்லை. வேறோர் இடத்தில் தனியாக இருந்த ஒரு நகல் காத்தது!

இரண்டு வட்டுதான் இருக்கிறது என்றால்?

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒரு பள்ளிக்கோ, சிறு நூலகத்துக்கோ இரண்டு வட்டு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அவற்றை ரெய்டு முறையில் இணைக்க வேண்டாம்! ஒன்றைக் கணிப்பொறியில் வையுங்கள். மற்றதில் வாரந்தோறும் நகல் எடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள்.

ஏன்? ரெய்டு காப்பது வேலை நிற்காமல் நடப்பதை. நகல் காப்பது தகவலை. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ஒரு நிமிடம்கூட வேலை நிற்கக்கூடாது. அவர்களுக்கு இரண்டும் வேண்டும். பள்ளியில் கணிப்பொறி ஒரு நாள் நின்றால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. ஐந்தாண்டுக் குறிப்புகள் அழிந்தால் கேடுதான். எது முதலில் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது வட்டுக்குப் பணம் வரும்போது ரெய்டு வரட்டும், மகிழ்ச்சியோடு வரவேற்கலாம்.

இதற்கு மறுப்பும் உண்டு. "வாரம் ஒரு முறை நகல் எடுத்தால் அந்த வாரத் தகவல் போகுமே, ரெய்டு ஒரு நொடித் தகவலையும் விடாதே" என்பார்கள். நியாயமான வாதம்தான். அதற்கு விடை, நாள்தோறும் நகல் எடுப்பது. ஒரு நாள் குறிப்பை மீண்டும் எழுதிவிடலாம். ஐந்து ஆண்டுகளை எழுத முடியாது.

"எல்லாம் இணையத்தில் பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறதே, இந்தக் கவலை எதற்கு?" என்றும் கேட்கலாம். அங்கே இருப்பதும் வட்டுகள்தாம். அங்கேயும் யாரோ ஒருவர்தான் இந்த முடிவுகளை எடுக்கிறார். நாளை அந்த இருக்கையில் உங்களில் ஒருவர் அமரலாம். மேலும், கடவுச்சொல் தொலைந்தாலோ, கணக்கு மூடப்பட்டாலோ அவர்களுடைய ஆயிரம் வட்டுகளும் உங்களுக்குப் பயன்படா. நகலுக்கு அது ஒரு நல்ல இடம். ஒரே இடமாக இருக்கக்கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் பள்ளியிலோ, அப்பாவின் கடையிலோ, அக்காவின் அலுவலகத்திலோ "எங்கள் தகவல் பத்திரமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், பணிவோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: ஒரு வட்டு கெட்டால் அதே நாளில் உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு: வேறு கட்டடத்தில் நகல் இருக்கிறதா? மூன்று: அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் விழிப்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். உடன் அமர்ந்து அன்றே ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பாருங்கள். அது வந்தால் நிம்மதி. வராவிட்டால் இன்னும் நல்லது. ஏனென்றால் வட்டு உடைவதற்கு முன்பே குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சரி செய்ய நேரமும் இருக்கிறது.